எடைக்குப் போடும் முன் அந்தப் படங்களை ஒருமுறை பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நெருங்குகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு ஒதுக்கி வெள்ளையடிக்கும் காலம். மச்சிலும் பரணிலும் பழைய பத்தாயத்துக்குள்ளும் கிடக்கும் புத்தகக் கட்டுகள் இந்த நாட்களில்தான் வெளியே வரும். வந்த வேகத்தில் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைத் தராசில் ஏறிவிடும். அப்படிப் போகிற கட்டுகளில் இருந்து குழந்தைகளுக்கான பழைய படப் புத்தகங்களையும் சிறுவர் இதழ்களையும் மட்டும் தயவுசெய்து தனியே எடுத்து வையுங்கள் என்று உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் தக்கலைப் பக்கம் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையில் சேர்ந்த புதிதில், பிள்ளைகளுக்கு மாடு வரையச் சொல்லிக்கொடுக்க நல்ல மாதிரிப் படம் கிடைக்காமல் தேடினேன். பாடப்புத்தகத்து மாடு நின்ற இடத்தில் நிற்கும். பழைய அம்புலிமாமாவில் இருந்த மாடு நடந்தது. முன்னங்கால் மடங்கும் இடத்தில் ஓவியர் போட்டிருந்த ஒரு கோடு போதும், அதன் கனம் முழுவதும் தெரிந்தது. அந்தப் பக்கத்தை வகுப்பில் காட்டத்தான் முதலில் வாங்கினேன். அப்புறம் தேடுவது நிற்கவில்லை. வடசேரி, கோட்டாறு, மார்த்தாண்டம், குளச்சல் என்று பழைய பேப்பர் கடை எங்கே இருந்தாலும் உள்ளே போய்க் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பேன். ஒரு கடைக்காரர் ஆரம்பத்தில், "டீச்சர், இது பிள்ளைய கிழிச்சுப் போட்டதுல்லா, நல்ல புக்கு அங்க இருக்கு, அதப் பாருங்க" என்பார். இப்போது அவரே படம் போட்ட புத்தகம் வந்தால் எனக்காக எடுத்து வைக்கிறார்.

பெரியவர்கள் படித்த புத்தகங்களுக்கு அலமாரி கிடைத்தது, பைண்டிங் கிடைத்தது. குழந்தைப் புத்தகம் தரையில் கிடந்தது. ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் மாறி மாறிப் புரட்டியபின் அது மிஞ்சுவதே அதிசயம். சிறுவர் இதழ் என்றால் இன்னும் மோசம். மாதம் முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது என்று நினைத்தார்கள். நூலகங்களும் பெரும்பாலும் அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. என் அனுபவத்தில், நூறு வருடப் பழமையான ஒரு புராணப் பதிப்பைக் கண்டுபிடிப்பது எளிது. டமாரம், சங்கு, அணில் என்று 1940-50-களில் வந்த சிறுவர் இதழ்களில் ஒரு பிரதியை முழுதாகப் பார்ப்பதுதான் கடினம். அந்தக் காலத்தில் புதுக்கோட்டை ஒன்றிலிருந்தே பல சிறுவர் இதழ்கள் வெளிவந்தன. கலைமகள் காரியாலயம் எழுத்தாளர் ஆர்வியை ஆசிரியராக வைத்து 1950 முதல் 1970 வரை கண்ணன் என்ற சிறுவர் இதழை நடத்தியது. இருபது வருடம் வந்த இதழ். நம் மாவட்டத்தில் யாரிடமாவது அதில் ஒரு வருடத்துத் தொகுப்பாவது முழுதாக இருக்கிறதா?

அம்புலிமாமா பற்றி நம் ஊரோடு சேர்ந்த ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1947 ஜூலையில், விடுதலைக்கு ஒரு மாதம் முன்பு, நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் அதைத் தொடங்கினார்கள். பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. மலையாளத்தில் அதன் பெயர் அம்பிளி அம்மாவன். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவனந்தபுரம் ஆட்சிக்குக் கீழே இருந்தவர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் அப்பா மலையாளத்தில் படித்தவராக இருப்பார், பிள்ளைகள் தமிழில் படிப்பார்கள். அதனால் இந்தப் பக்கத்து மச்சுகளில் அம்புலிமாமாவும் அம்பிளி அம்மாவனும் ஒரே கட்டாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே கதை வந்த தமிழ் இதழையும் மலையாள இதழையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். எழுத்துதான் மாறியிருக்கும். ராஜா அதே ராஜா, ஆலமரம் அதே ஆலமரம். எந்த மொழியிலும் செல்ல வேண்டும் என்பதால் அந்த ஓவியர்கள் படத்துக்குள் எழுத்தே வராமல் வரைந்தார்கள். எழுத்தின் துணை இல்லாமல் முகமும் கையும் நிற்கும் தோரணையுமே கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு எத்தனை பயிற்சி வேண்டும் என்பது வரைகிறவர்களுக்குத் தெரியும்.

விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளைப் பிடித்தபடி நடக்கும் படத்தை என் வயதுக்காரர்களில் அறியாதவர் இல்லை. அதை வரைந்தவர் யார் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. சங்கர் என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரன். சென்னை ஓவியப் பள்ளியில் சிற்பி ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர். 1952-இல் அம்புலிமாமாவில் சேர்ந்து அந்த இதழ் இருந்தவரைக்கும் வரைந்தார். 2020-இல் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போது கொடுத்திருந்தால் என்ன என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. சித்ரா என்ற பெயரில் வரைந்த டி.வி. ராகவனும், அட்டைப்படங்களுக்கு உயிர் கொடுத்த வட்டாதி பாப்பய்யாவும் அவருக்குக் குறைந்தவர்கள் இல்லை. பாப்பய்யாவின் அட்டைகளில் நிறம் ஒன்றோடொன்று கரையும் இடங்களைப் பார்த்தால் அச்சகத்தில் அதைப் பிரித்தெடுக்கப் பட்ட பாடு புரியும்.

அந்த அச்சக வேலையைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் புத்தகத்தை அடையாளம் காண இதுதான் உதவும். இன்றுபோல் கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றி அச்சடிக்கும் காலம் அல்ல அது. ஓவியர் இந்தியன் இங்க்கில் பெரிதாக வரைந்து கொடுப்பார். அதைக் கேமராவில் எடுத்துத் துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடு இல்லாத இடத்தை அமிலத்தால் அரிக்கவைத்து, மரக்கட்டையில் ஆணியடித்து பிளாக் செய்வார்கள். அந்த பிளாக்கும் கோத்த ஈய எழுத்துகளும் சேர்ந்து ஒரே அழுத்தில் தாளில் பதியும். அதனால் லெட்டர்பிரஸ்ஸில் அடித்த பழைய தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்து அழுந்திய மேடு கைக்குத் தட்டுப்படும். பிற்காலத்து ஆப்செட் மறுபதிப்பில் அது இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டு பிளாக்கில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், ஹாஃப்டோன் பிளாக்கில் சாம்பல் நிறமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பிரியும். வண்ணப் படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளாக், தனித்தனியாக அச்சேற வேண்டும். ஒரு நூலளவு நகர்ந்தாலும் ராஜகுமாரியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு வந்துவிடும். அப்படி விலகிய பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அவை மிகவும் பிடிக்கும். எந்த நிறம் முதலில் விழுந்தது, எது அதன் மேல் ஏறியது என்று அவற்றில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

சோவியத் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் 1982-க்குப் பிறகு ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய குழந்தைப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம் ஊர்களுக்கு வந்தன. கெட்டித் தாள், ஒரு பக்கம் முழுவதும் பனி, ஓநாய், அடுப்பு மேல் தூங்கும் தாத்தா. விலை மிகக் குறைவு. பனியைப் பார்த்தே இராத குளச்சல் பிள்ளைகள் அந்தப் பனியில் விளையாடி வளர்ந்தார்கள். அந்த நாட்டில் குழந்தைப் புத்தகத்துக்கு வரைவதைப் பெரிய ஓவியர்கள் தங்கள் முதல் வேலையாக வைத்திருந்தார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் கரடிக்குட்டியை வரைந்த விக்தோர் சிழிகோவும் குழந்தைப் புத்தக ஓவியர்தான். நான் அந்தப் புத்தகங்களில் மிகவும் மதிக்கும் விஷயம், எழுதியவர், மொழிபெயர்த்தவர் பெயரோடு ஓவியர் பெயரையும் போட்டுவிடுவார்கள். நம் பதிப்பாளர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போனது. 1991-இல் சோவியத் நாடு கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது. அவை இனி வராது, இருப்பதுதான் மிச்சம்.

தேசியப் புத்தக நிறுவனத்தின் நேரு பால புத்தகாலய வரிசை, கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை (இவர் வேறு சங்கர்) 1957-இல் டெல்லியில் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் புத்தகங்கள், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர், பெரியசாமித் தூரனின் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி (1968 முதல் 1976 வரை வந்தது) எல்லாமே வைத்துக்கொள்ள வேண்டியவை. சிவகாசி முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவற்றைத் தேடிப் பாதுகாக்க ஒரு பெரிய வாசகர் கூட்டமே இருக்கிறது. பாப்பாப் பாட்டுப் புத்தகத்துக்குத்தான் யாரும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கடமை உண்டு என்று நினைக்கிறேன். தேரூரில் பிறந்த கவிமணியின் வெள்ளைப் பசுப் பாட்டைப் பாடாமல் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையும் பள்ளி முடிப்பதில்லை. அந்தப் பாட்டுக்கு ஒவ்வொரு காலத்துப் பாடப்புத்தகத்திலும் ஒவ்வொருவர் பசுவும் கன்றும் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களை எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக வைத்தால் நம் பள்ளிப் புத்தக ஓவியத்தின் வரலாறே கண்முன் நிற்கும். என்னிடம் சில பக்கங்கள் இருக்கின்றன. வரைந்தவர் பெயர் அவற்றில் ஒன்றில்கூட இல்லை. இன்னும் பின்னால் போனால், திருவிதாங்கூரின் முதல் அச்சகமே 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன்காரர்கள் வைத்ததுதான். இருநூறு வருடமாக அச்சுத் தாள் புழங்கும் மண் இது.

அதே மண்தான் தாளுக்கு எதிரியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. ஆனி தொடங்கி கார்த்திகை வரை காற்றில் ஈரம் குறைவதில்லை. கடற்கரை ஊர்களில் உப்பும் சேரும். சிறுவர் இதழ்கள் அச்சான மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால் காற்றும் வெளிச்சமும் பட்டதும் பழுத்து, அமிலம் ஊறி, மடித்த இடத்தில் ஒடியும். ராமபாணப் பூச்சியும் கரையானும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வாசகர்கள் யாராவது தங்கள் வீட்டுக் கட்டை வைத்துக்கொள்ள முடிவு செய்தால், சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில வருடத்தில் அதன் பசை பழுப்பாகக் கசிந்து படத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. மெல்லிய டிஷ்யூ தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினால் போதும், வேண்டும்போது ஈரம் காட்டி எடுத்துவிடலாம். துருப்பிடித்த கம்பிப் பின்னை மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். லாமினேஷன் கூடவே கூடாது. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசியில் ஈரம் குறைந்த நாளாகப் பார்த்து நிழலில் விரித்து வையுங்கள். வெயிலில் வைத்தால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்துப்போகும், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். பைண்டிங்குக்குக் கொடுப்பவர்கள் அருகில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரத்தைச் சீராக வெட்டுகிறோம் என்று படத்தின் காலையும் கையையும் வெட்டிவிடுவார்கள், ஓவியரின் கையெழுத்து பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு உள்பக்கத்தை மட்டும் கட்டித் தருவதும் நம் பக்கத்தில் வழக்கம். பாப்பய்யாவின் எத்தனை அட்டைகள் இப்படி பைண்டிங் கடைத் தரையில் போனதோ.

கிறுக்கல் இருக்கிறது, பெயர் எழுதியிருக்கிறது, படத்துக்கு மீசை வரைந்திருக்கிறது என்று யாரும் புத்தகத்தைத் தள்ளிவிட வேண்டாம். புதுக்கருக்கு மாறாத பிரதிக்கே மதிப்பு என்று இணையத்தில் விற்பவர்கள் சொல்வார்கள். விற்பனைக்கு அது சரி. நான் மதிப்பது கை பட்ட பிரதிகளைத்தான். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரு பிள்ளை க்ரேயானில் நிறம் போட்டிருந்தால், அந்தக் கோடு அந்தப் பிள்ளையை எங்கே இழுத்துக்கொண்டு போனது என்று அதில் தெரியும். முப்பது வருடம் பிள்ளைகளின் ஓவிய நோட்டைத் திருத்திய எனக்கு அதைவிடப் பெரிய விமர்சனம் வேறில்லை.

இனி நூலகங்கள். நம் மாவட்டத்தில் ஒரு நூலகத்தில் சிறுவர் பகுதியின் பழைய புத்தகங்களைப் பழுதானவை என்று கணக்கிலிருந்து நீக்கி, வாசகர்கள் யாருக்கும் தெரியாமலே எடைக்குக் கொடுத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி போய்விட்டது. இடப் பற்றாக்குறை உண்மைதான், நூலகர்களுக்கும் விதிகள் உண்டு. ஆனால் நீக்கப்போகும் புத்தகங்களின் பட்டியலை ஒரு மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட எந்தச் செலவும் இல்லையே. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற மக்கள் இதைக் கேட்கலாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் பழைய சிறுவர் நூல்களுக்கென்று ஒரே ஒரு அலமாரி ஒதுக்கி, இரவல் கொடுக்காமல் அங்கேயே பார்க்கும்படி வைத்தால், என்னிடம் இருப்பதில் இரட்டைப் பிரதிகளை எல்லாம் முதலில் நானே கொண்டுவந்து தருகிறேன். என்னைப்போல் தருகிறவர்கள் இன்னும் வருவார்கள். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த புத்தகங்கள்தான், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. ஓவியம் தெரிந்த கை சேர்த்த சேகரிப்பு அது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

அலமாரிக்கு வழி இல்லை என்றால் ஸ்கேன் செய்யவாவது ஏற்பாடு வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய நூல்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவரும் இதழ்களை ஸ்கேன் செய்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுத்தால், பிரிய மனமில்லாமல் வைத்திருப்பவர்களும் தயங்காமல் கொண்டு வருவார்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு பழைய சிறுவர் புத்தகப் படத்தை, வரைந்தவர் பெயரோடு வெளியிடுங்கள். பெயர் இல்லாமல் வெளியான படம் என்றால், வெளிவந்து 60 ஆண்டுகள் முடிந்தபின் உரிமைச் சிக்கல் இருக்காது. பெயர் தெரியாத படத்துக்குக் கீழே, "இதை வரைந்தவர் யார்?" என்று கேட்டுப் போடுங்கள். அந்த ஓவியர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டில் எங்காவது உங்கள் பத்திரிகையைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அழகியபாண்டிபுரத்தில் பிறந்த கிருஷ்ணன் நம்பி, சசிதேவன் என்ற பெயரில் கண்ணன் இதழில் குழந்தைப் பாடல்கள் எழுதினார். 1965-இல் அவை புத்தகமாகவும் வந்தன. புத்தகம் வாசிக்கக் கிடைக்கிறது. இதழில் அந்தப் பாட்டுகள் வந்தபோது பக்கத்தில் என்ன படம் இருந்தது, யார் வரைந்தார் என்பதைத்தான் இத்தனை வருடமாகத் தேடுகிறேன். உங்கள் வாசகர் வீட்டுப் புத்தகக் கட்டுகளில் சசிதேவன் பெயர் போட்ட பக்கம் ஒன்று இருந்தால், இதழைத் தர வேண்டாம். அந்தப் பக்கத்தை, நான்கு ஓரமும் தெரியும்படி, செல்போனில் படம் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். நான் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.